எண்ணுவது வேறு, கவுண்ட் வேறு

ஆங்கிலப் பாடம் நடத்தப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்குப் பாடக்குறிப்பு எழுத யாராவது கற்றுத்தந்திருப்பார்கள். பதிவேடுகளை எப்படி வைத்துக்கொள்வது என்றும் சொல்லியிருப்பார்கள். அதிலெல்லாம் நான் கூடுதலாகச் சொல்ல ஒன்றுமில்லை. முப்பது வருடங்களுக்கு மேல் கரும்பலகையின் முன்னால் நின்றிருக்கிறேன். பெரும்பாலான நாட்கள் ஒன்றைப்போல ஒன்று கழிந்துபோயின. கழியாமல், மீன் முள்போலத் தொண்டையில் நின்றுவிட்ட ஒரு வாரத்தைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். முள் பிறகு இறங்கிவிட்டது, பயப்படாதீர்கள்.

ஓய்வு பெறச் சில வருடங்களே இருந்தபோது, பழவேற்காட்டில் பாலம் தாண்டி ஏரிக்கரையில் இருக்கும் ஒரு மீனவக் குப்பத்து நடுநிலைப் பள்ளிக்கு என்னை மாற்றினார்கள். என் வீடு மீஞ்சூரில். அங்கே ரயில் ஏறி, பொன்னேரியில் இறங்கி, பஸ் பிடித்துப் பழவேற்காடு வந்து, கடைசியாக ஒரு ஷேர் ஆட்டோ. வகுப்புக்குள் நுழையும்போதே எனக்குப் பாதி நாள் முடிந்துபோன அலுப்பு இருக்கும். பிள்ளைகளுக்கும் அப்படித்தான் என்பது எனக்கு வெகுநாள் தெரியாது. விடிந்ததும் கரைக்குப் போய்ப் படகு இறக்க உதவிவிட்டு, வலையில் சிக்கியதை எடுத்துக்கொடுத்துவிட்டு, குளித்துச் சீருடை மாட்டிக்கொண்டு வருகிற பிள்ளைகள் அவர்கள்.

எட்டாம் வகுப்பில் கவுண்டபிள், அன்கவுண்டபிள் பெயர்ச்சொற்களை நடத்திக்கொண்டிருந்தேன். எத்தனையோ வருடம் நடத்திய பாடம். புத்தகத்தைத் திறக்கவே வேண்டியதில்லை. பலகையின் நடுவில் ஒரு கோடு. இந்தப் பக்கம் ஆப்பிள், குடை, நாற்காலி: எண்ணலாம், ‘மெனி’ போட வேண்டும். அந்தப் பக்கம் தண்ணீர், பால், அரிசி, தூக்கம், சீஸ்: எண்ண முடியாது, ‘மச்’ போட வேண்டும்.

கார்த்திக் என்று ஒருவன். பாடம் ஓரிடத்தில் சும்மா நிற்பது அவனுக்குப் பொறுக்காது.

“மிஸ், அரிசிய எண்ணலாம் மிஸ். டைம்தான் ஆவும்.”

“உட்காருடா.”

“தூக்கம் எண்ண முடியாதுன்றீங்க. நேத்து லீவுல நான் ரெண்டு தூக்கம் போட்டேன் மிஸ்.”

“சீஸுன்னா இன்னா மிஸ்?” என்று வேறொரு குரல் வந்தது.

நானும் சிரித்தேன். பதில் சொல்லாமல் சிரித்தே அடுத்த வரிக்கு நகர்ந்துவிடுவது ஒரு சாமர்த்தியம் என்று அந்தக் காலத்தில் நினைத்திருந்தேன். பிள்ளைகள் விளையாட்டுக்குக் கேட்டதெல்லாம் அந்தப் பாடத்தின் அச்சாணியான கேள்விகள் என்பது அன்று எனக்கு உறைக்கவில்லை.

அந்த நேரத்தில்தான் மாவட்டத்திலிருந்து ஓர் அதிகாரி வகுப்பைப் பார்வையிட வருகிறார் என்று தகவல் வந்தது. எங்கள் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சுட்டுப்போட்டாலும் வராது என்று முந்தைய வருடம் யாரோ எழுதிவைத்துவிட்டுப் போயிருந்தார்கள். தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டு அதை நினைவுபடுத்தினார். அதிகம் பேசாத அம்மா அவர். “இந்தத் தடவை நல்லபடியா எழுதிட்டுப் போகட்டும்” என்றார், அவ்வளவுதான்.

நான் செய்ததை மறைக்காமல் சொல்கிறேன், நீங்களும் ஒருநாள் செய்வீர்கள். மூன்று நாள் ஒத்திகை நடத்தினேன். எந்தக் கேள்வி யாருக்கு, யார் கை தூக்க வேண்டும், யார் தூக்கக் கூடாது, எல்லாம் ஏற்பாடு. நன்றாகப் படிக்கும் கீர்த்தனாவுக்கு முதல் வரிசை. கார்த்திக்குக் கடைசி வரிசை. அன்று ஒருநாள் வாய் திறக்காமல் இருந்தால் அடுத்த நாள் முழுக்கப் பேசலாம் என்று ஓர் ஒப்பந்தமும் போட்டுக்கொண்டோம்.

யுவஸ்ரீக்கு எந்த ஏற்பாடும் செய்யவில்லை. மூன்றாவது பெஞ்சில் ஜன்னலோரம் உட்காரும் பெண். உயரம். தானாகப் பேசமாட்டாள். சில நாட்களில் அவள் மணிக்கட்டில் ஒரு மீன் செதில் ஒட்டிக்கொண்டு மினுங்கும். பேசாத பிள்ளையால் தொல்லை வராது என்று நினைத்தேன்.

வந்த அதிகாரி நல்ல மனிதர். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாற்காலி போட்டிருந்தோம். அதில் உட்காராமல் கடைசி பெஞ்சில் கார்த்திக்குப் பக்கத்தில் இடம் கேட்டு உட்கார்ந்துகொண்டார். வகுப்பு நாடகம்போல ஓடியது. “வாட்டர்?” “அன்கவுண்டபிள் மிஸ்!” “அம்ப்ரெல்லா?” “கவுண்டபிள் மிஸ்!” கார்த்திக் உதட்டைக் கடித்துக்கொண்டு ஒப்பந்தத்தைக் காப்பாற்றினான். இன்னும் பத்து நிமிடம் தாண்டினால் கரை.

அப்போது அவர் எழுந்து, “நான் ஒண்ணு கேக்கலாமா டீச்சர்?” என்றார். “வர்ற வழியில ரோட்டோரமா இறால் காயவெச்சிருந்தாங்க. இங்கிலீஷ்ல ப்ரான். அது கவுண்டபிளா, அன்கவுண்டபிளா?”

ஒத்திகையில் இல்லாத கேள்வி. கீர்த்தனாதான் காப்பாற்றினாள். எழுந்து, “கவுண்டபிள் சார். ஒன் ப்ரான், டூ ப்ரான்ஸ்” என்றாள்.

“வெரி குட்.”

நான் மூச்சை வெளியே விட்டேன். பாதி மூச்சு வெளியே போவதற்குள் ஜன்னல் பக்கமிருந்து ஒரு குரல்.

“இல்ல சார்.”

யுவஸ்ரீ எழுந்து நின்றுகொண்டிருந்தாள். “எறாவ யாரும் எண்ண மாட்டாங்க சார். கெலோவுலதான் போடுவாங்க. கவுண்ட் பாப்பாங்க. எண்றது வேற, கவுண்ட் வேற.”

“கவுண்ட்னாலே எண்ணுறதுதானேம்மா?” என்றார் அவர்.

“இல்ல சார். கவுண்ட் ஏற ஏற எறா சின்னதாப் பூடும்.”

அவர் சிரித்துவிட்டார். அது கேலிச் சிரிப்பல்ல என்று இன்று எனக்குத் தெரியும். கேட்டிராத ஒன்றைக் கேட்ட மனிதர் வியப்பில் சிரித்த சிரிப்பு. ஆனால் அவர் சிரித்ததும் வகுப்பே சிரித்தது. எனக்கோ அந்தச் சிரிப்பு தீர்ப்பு வாசித்ததுபோல இருந்தது. என்ன சொல்கிறாள் இவள்? எண்ணிக்கை ஏறினால் எப்படிச் சின்னதாகும்? எனக்குப் புரியவில்லை. புரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். இருபது வயதில் சொல்லியிருப்பேன் என்றே நினைக்கிறேன். ஐம்பத்தைந்து வயதில் சொல்ல முடியவில்லை.

“சிட் டவுன். புக்ல இருக்கறத மட்டும் பேசு” என்றேன். அதோடு நிறுத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. அதிகாரியின் பக்கம் திரும்பி, “இந்தப் பொண்ணு எப்பவும் இப்படித்தான் சார், கவனமே கிடையாது” என்றேன்.

அது பொய். சொன்ன எனக்கும் தெரியும், கேட்ட அவளுக்கும் தெரியும். யுவஸ்ரீ உட்கார்ந்துவிட்டாள். அதற்குப் பிறகு ஜன்னலுக்கு வெளியே ஏரியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அறிக்கை பிரமாதமாக வந்தது. பிள்ளைகள் தயக்கமின்றி ஆங்கிலத்தில் பதில் சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தார். ஆசிரியர் அறையில் மைசூர்பாகு கொடுத்தார்கள். நான் இரண்டு துண்டு எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் மூன்றாவது பெஞ்சில் ஜன்னலோரம் காலி. அதற்கு மறுநாளும் காலி. தினமும் வருகைப் பதிவேட்டில் ஒரு குறி போட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போனேன். ஒரு வாரம் கழித்துத் தலைமையாசிரியை பதிவேட்டைப் புரட்டிக்கொண்டே, “இந்தப் பொண்ணு ஏன் வரல?” என்று கேட்டார்.

“காய்ச்சலா இருக்கும் மேடம்.”

“யார் சொன்னாங்க?”

யாரும் சொல்லவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றி என்னை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு மேசை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாவிட்டால் நடவடிக்கை வரும் என்று பெற்றோருக்குக் கொடுக்கும் கடிதம். பெயரை எழுதி, கையெழுத்துப் போட்டு என்னிடம் நீட்டினார்.

“இதை எடுத்துக்கிட்டுப் போங்க. குடுக்காமத் திரும்பி வந்தீங்கன்னா இன்னும் நல்லது.”

மறுநாள் முதல் ரயிலைப் பிடித்தேன். கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் அப்போதுதான் ஏறிக்கொண்டிருந்தது. படகுகள் வந்துகொண்டிருந்தன. மணலில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து மீனைத் தனியாக, நண்டைத் தனியாக, இறாலைத் தனியாகப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் நிமிராமல் எல்லாரும் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சேற்றில் வழுக்கிக்கொண்டே போனேன். கூட்டத்தில் யுவஸ்ரீ இருந்தாள். என்னைப் பார்த்தாள், தலையைக் குனிந்துகொண்டாள். கைமட்டும் நிற்கவில்லை.

அவள் அம்மா தேசம்மா எழுந்து வந்தாள். சேலையை முழங்கால் வரை ஏற்றிச் செருகியிருந்தாள்.

“வாங்க மிஸ். இன்னா, இம்மாங் காலைல?”

“யுவஸ்ரீ ஒரு வாரமா ஸ்கூலுக்கு வரலையேம்மா. உடம்பு சரியில்லையா?”

“உடம்புக்கு இன்னா, நல்லாத்தான் கீறா. ஸ்கூலு வாணாம்னுட்டா. அவங்க நைனாவும் கேட்டுப் பாத்தாரு, நானும் கேட்டுப் பாத்தேன். கவனம் இல்லாதவளுக்கு இன்னாத்துக்கு ஸ்கூலுன்னு எதிர்க் கேள்வி கேக்கறா. இவளப் போயி கவனம் இல்லாதவள்னு யாரு மிஸ் சொன்னது?”

உண்மையிலேயே தெரியாமல் கேட்டாளா, தெரிந்தே கேட்டாளா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. தேசம்மாவே தொடர்ந்தாள். இறால் பிரிக்கும் ஷெட்டில் திங்கட்கிழமை முதல் முழுநேரம் வரச்சொல்கிறார்களாம். “இவ கையில அள்ளுனாலே கவுண்ட் சொல்லிடுவா மிஸ். தராசே வாணாம். அந்த ஷெட்டுக்காரருக்கு இவ வேல மேல ஒரு கண்ணு. எனக்கு இஷ்டமில்ல. ஆனா ஸ்கூலுக்கும் போவாம ஊட்லயும் எத்தினி நாளு குந்தினு இருப்பா?”

என் பையில் அந்தக் கடிதம் இருந்தது. எடுத்து நீட்டினால் என் வேலை முடிந்தது. சட்டம் என் பக்கம். பத்து மணிக்குள் வகுப்பில் இருப்பேன். கை பைக்குள் போய்த் தாளின் ஓரத்தைத் தொட்டுவிட்டது. அந்த நேரத்தில்தான் பக்கத்தில் சத்தம் கிளம்பியது.

இறால் வாங்க வந்த கம்பெனி ஆள் ஒருவன், சின்ன வயது, தேசம்மாவின் கூடையில் கைவிட்டுப் பார்த்து, “அம்பது கவுண்ட்” என்றான்.

யுவஸ்ரீ உட்கார்ந்த இடத்திலிருந்தே ஒரு பிடி இறாலை அள்ளி, உள்ளங்கையில் லேசாகத் தூக்கிப்போட்டுப் பிடித்தாள். “நாப்பது, நாப்பத்திரண்டு இருக்கும்ணா. அம்பதெல்லாம் கெடையாது.”

“சின்னப் பொண்ணு, உனக்கு இன்னா தெரியும்? குந்து.”

எனக்குச் சுருக்கென்றது. அவன் குந்து என்றான், நான் ஆங்கிலத்தில் சொல்லியிருந்தேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆனால் இங்கே யாரும் சிரிக்கவில்லை. சுற்றியிருந்த பெண்கள் எல்லாரும் கையில் இருந்ததைக் கீழே போட்டுவிட்டார்கள். “டபாய்க்காதப்பா” என்றாள் ஒருத்தி. “அவ சொன்னா கரீட்டா இருக்கும்” என்றாள் இன்னொருத்தி. ஒரு கிலோ நிறுத்து எண்ணிப் பார்த்துவிடலாம் என்று முடிவாயிற்று. நாற்பது இறால் சேர்ந்தால் ஒரு கிலோ என்றால் அது நாற்பது கவுண்ட். ஐம்பது சேர வேண்டியிருந்தால் ஐம்பது கவுண்ட், அதாவது இறால் பொடி, விலையும் குறைவு. கவுண்ட் ஏற ஏற இறால் சின்னதாகிவிடும். அங்கே சேற்றில் நின்றுகொண்டிருந்தபோதுதான், வகுப்பில் அவள் சொன்னது எனக்குப் புரிந்தது. நிதானமாக ஒரு தடவை கேட்டிருந்தால் அன்றே புரிந்திருக்கும்.

“நீங்க எண்ணுனா நான் ஒத்துக்க மாட்டேன்” என்றான் கம்பெனி ஆள்.

“நீ எண்ணுனா நாங்க ஒத்துக்க மாட்டோம்” என்றாள் தேசம்மா.

“மிஸ்ஸு எண்ணட்டும்!” என்று யாரோ கத்தினார்கள்.

முப்பது வருடமாக எண்ணக்கூடியது, எண்ணமுடியாதது என்று பாடம் நடத்தியவள், அன்றுதான் முதல்முறையாக மற்றவர்கள் பார்க்க ஒன்றை உட்கார்ந்து எண்ணினேன். ஈர இறால் விரலில் நிற்காது என்பது வாங்கிச் சமைத்த எனக்கே தெரியவில்லை. சத்தமாக எண்ணிக்கொண்டே ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் போட்டேன். இருபத்துமூன்றிலோ நாலிலோ ஒன்று நழுவி என் சேலை மடிப்புக்குள் போய்விட்டது. அதை எண்ணினேனா, இல்லையா? தேடி எடுப்பதற்குள் கணக்கு போய்விட்டது. ஒரே சிரிப்பு. “மொதல்லேர்ந்து மிஸ்!” என்று கூச்சல். இரண்டாவது தடவை, அந்தக் கம்பெனி ஆள் வேண்டுமென்றே “முப்பத்தாறு, முப்பத்தேழு” என்று பக்கத்தில் முணுமுணுத்து என்னைக் குழப்பிவிட்டான். அவனை இரண்டு பெண்கள் பிடித்துத் தள்ளி நிறுத்தினார்கள்.

மூன்றாவது தடவை தொடங்கியபோது யுவஸ்ரீ எழுந்து வந்து என் எதிரில் குந்தினாள். முகத்தில் சிரிப்பில்லை. ஆனால் பொறுக்கவும் முடியவில்லை போலிருக்கிறது.

“அஞ்சஞ்சா வரிசையா வையுங்க மிஸ். அப்பத்தான் தப்பாது.”

அப்படியே வைத்தேன். எட்டு வரிசை. மிச்சம் ஒன்று. நாற்பத்தொன்று.

பெண்கள் போட்ட சத்தத்தில் கரையில் நின்ற கொக்குகள் பறந்துவிட்டன. கம்பெனி ஆள் நல்ல பிள்ளைதான், தலையைச் சொறிந்துகொண்டு, “சரி, சரி, நாப்பதுதான். ஜல்தியா ஐஸ் போடுங்க” என்று சிரித்துவிட்டான்.

நான் எழுந்து நின்றேன். சேலையெல்லாம் ஈரம். யுவஸ்ரீயைத் தனியாக ஒரு படகின் மறைவுக்கு அழைத்துப்போய் இரண்டு வார்த்தை சொல்லிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் பொய்யை நான் தனியாகச் சொல்லவில்லையே. வகுப்பு முழுக்கக் கேட்கச் சொன்னேன். நாலு பேர் முன்னால் சொன்னதை ஒருவர் காதில் மட்டும் திருப்பி வாங்க முடியாது. இந்த ஒன்றை மட்டுமாவது என்னிடமிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

“எல்லாரும் கொஞ்சம் கேளுங்க” என்றேன். “அன்னிக்கு ஸ்கூலுக்கு அதிகாரி வந்தப்போ யுவஸ்ரீ இதைத்தான் சொன்னா. சரியாச் சொன்னா. எனக்குப் புரியல. எனக்குப் புரியலன்னு சொல்றதுக்குப் பதிலா, அவளுக்குக் கவனமில்லன்னு அவர்கிட்ட சொல்லிட்டேன். அது பொய். என் வகுப்புல அவளவிடக் கவனமாக் கேக்கற பிள்ளை இல்ல.”

யுவஸ்ரீ கையில் இருந்த ஓர் இறாலின் மீசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். தேசம்மாதான் பேசினாள்.

“சரி மிஸ். எங்க கைல சொல்லிட்டீங்க. அந்த சாரு கைல யாரு சொல்றது?”

இதை நான் எதிர்பார்க்கவில்லை. நல்ல அறிக்கை எழுதிவிட்டுப் போன மனிதரிடம், நீங்கள் பார்த்த வகுப்பு ஒத்திகை பார்த்த வகுப்பு, நடுவில் ஒரு பொய்யும் இருந்தது என்று நானே எழுதுவதா? ஓய்வு பெறும் நேரத்தில்? அதுவும் பள்ளியின் பெயர் சம்பந்தப்பட்ட விஷயம். நான் திணறுவதைத் தேசம்மா பார்த்துக்கொண்டே நின்றாள், உதவிக்கு வரவில்லை.

“நான் சொல்றேன்” என்றேன். கடிதம் பையிலேயே இருந்தது.

பள்ளிக்குப் போனதும் தலைமையாசிரியையிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். இறால் வாடை தாங்காமல் அவர் மூக்கைப் பொத்திக்கொண்டே கேட்டார். கடைசியில், “எழுதுங்க” என்றார். “ஆனா என்னைக் கேக்காம எழுதின மாதிரி எழுதுங்க.” நான் திகைத்தேன். அவர் சிரித்து, “சும்மா சொன்னேன். நானும் கீழே கையெழுத்துப் போடறேன்” என்றார். முப்பது வருடத்தில் எனக்குக் கிடைத்த மேலதிகாரிகளில் இவரைத்தான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

அதிகாரிக்கான கடிதத்தை ஆங்கிலத்தில் எழுதினேன். அனுப்புவதற்கு முன்னால், சாயங்காலம் யுவஸ்ரீயின் வீட்டுக்கு எடுத்துப்போய் அவளிடமே கொடுத்தேன். அவள் விரல் வைத்து, எழுத்துக்கூட்டி, வரிவரியாகப் படித்தாள். அரைப்பக்கத்துக்கு வெகுநேரம் பிடித்தது. நான் காத்திருந்தேன்.

“இது எம்பேரா மிஸ்?”

“ஆமா.”

“இனிஷியல் உட்டுட்டீங்க.”

பேனாவை வாங்கி அவளே போட்டாள். மறுநாள் காலை, மணி அடிப்பதற்கு முன்னாலேயே மூன்றாவது பெஞ்சில் வந்து உட்கார்ந்திருந்தாள். கரையில் சொன்னதை வகுப்பிலும் சொன்னேன். முதலில் எழுந்தவன் கார்த்திக். “மிஸ், ஒப்பந்தப்படி எனக்கு ஒருநாள் முழுக்கப் பேச பாக்கி கீது” என்றான்.

அன்று அவனைப் பேசவிட்டேன். எல்லாரையும் பேசவிட்டேன். பலகையில் ஆப்பிளையும் சீஸையும் அழித்துவிட்டு, உங்களுக்குத் தெரிந்த பொருளைச் சொல்லுங்கள் என்றேன். ஐஸை எண்ண முடியாது, ஆனால் ஐஸ் பாரை எண்ணலாம் என்றாள் கீர்த்தனா. உப்பை எண்ண முடியாது, மூட்டையை எண்ணலாம். சேற்றை எண்ணவே முடியாது. முற்றத்தில் மேயும் கோழியை எண்ணலாம், குழம்பில் கிடக்கும் கோழியை யார் எண்ணுவார்கள் என்று கேட்டான் ஒருவன். “எங்க ஊட்ல எண்ணித்தான் போடுவாங்க” என்றான் கார்த்திக். நான் வீட்டுக்குப் போய்த் தடிமனான இலக்கணப் புத்தகத்தை வருடக்கணக்கான தூசியைத் தட்டித் திறந்தேன். அந்தப் பிள்ளைகள் சொன்னதுதான் அதிலும் இருந்தது. ஒரே சொல்லை ஆங்கிலக்காரர்கள் எண்ணவும் செய்கிறார்கள், எண்ணாமலும் விடுகிறார்கள். எதற்காகச் சொல்கிறோம் என்பதைப் பொறுத்தது. பொருளில் இல்லை, பார்வையில்தான் இருக்கிறது. நான் இத்தனை வருடம் பாதிப் பாடத்தை மட்டும் முழுத் தைரியத்தோடு நடத்தியிருக்கிறேன்.

அதிகாரியிடமிருந்து பதிலே இல்லை. ஒவ்வொரு நாளும் தபால் வரும் நேரத்தில் நானே வாசலுக்குப் போய் நிற்பேன். கிட்டத்தட்ட ஒரு மாதம் கழித்து, முன்கூட்டிச் சொல்லாமல் ஒருநாள் அவரே வந்து நின்றார். ஒத்திகைக்கு நேரமில்லை, எனக்கும் அந்த எண்ணமில்லை. நேராக எட்டாம் வகுப்புக்குப் போனார். “யுவஸ்ரீ யாரு?” என்றார். அவள் எழுந்தாள்.

“நீ சொன்னப்போ நான் சிரிச்சிட்டேன். அன்னிக்கு நாங்க ரெண்டு பேருமே உன்னை முழுசாச் சொல்லவிடல. இப்போ சொல்லு. கவுண்ட்னா என்ன?”

தமிழில் சொல்வாள் என்றுதான் நினைத்தேன். அவளோ ஒருகணம் கூரையைப் பார்த்தாள். பிறகு வாயைத் திறந்து, மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகக் கையில் தூக்கிப் பார்த்துக் கீழே வைப்பவள்போல ஆங்கிலத்தில் சொன்னாள்: “சார், ஹவ் மச் ப்ரான்ஸ் இன் ஒன் கிலோ, தட் இஸ் கவுண்ட். ஸ்மால் கவுண்ட், பிக் ப்ரான். பிக் கவுண்ட், ஸ்மால் ப்ரான்.”

அதிகாரி இரண்டு கையையும் தட்டினார். வகுப்பே தட்டியது. யுவஸ்ரீ முதல்முறையாகப் பல் தெரியச் சிரித்தாள்.

‘ஹவ் மச்’ அல்ல, ‘ஹவ் மெனி’. நான் மூன்று வாரம் நடத்திய பாடத்தின் ஒரே விதி அது. அதில்தான் தவறியிருந்தாள். என் நாக்கு பல்லுக்குப் பின்னால் வந்து நின்றுவிட்டது. முப்பது வருடப் பழக்கம் சும்மா விடுமா? சாக்பீஸை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவர் பாலத்தைத் தாண்டிப் போகும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டுக்குப் போகும் ரயிலிலும் அது வாய்க்குள்ளேயே உருண்டுகொண்டிருந்தது.

மறுநாள் காலை முதல் வேலையாகத் திருத்தினேன்.